ஜெசிக்கு, டர்பனிலிருந்து

அன்பு ஜெசிக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல். கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடுவார்கள், உங்க அம்மாவை எனக்குத் தெரியாதா?

எங்களைப்போலக் கல்லூரி மாணவர் ஊழியத்தில் இருக்கிற ஒருவர் வீட்டிலிருந்து உனக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். "நிஜத்தில் அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்? ஜெபக் கடிதத்தில் எழுதுகிற மாதிரி எழுதாதே" என்றும் ஒரு குத்து. சரி, அப்படியே எழுதுகிறேன். இதை உங்க சபையில் வாசிக்கக் கொடுத்துவிடாதே.

மாணவர் ஊழியம் என்றால் மேடை, மைக், பிரசங்கம் என்று ஊரில் நினைக்கிறார்கள். முக்கால்வாசி சமையல்தான்டீ. இங்கே தென்னாப்பிரிக்காவில் கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசு உதவித்தொகை உண்டு. ஆனால் அது பிள்ளைகள் கைக்கு வந்து சேர மார்ச், சில பேருக்கு ஏப்ரல் ஆகிவிடும். அதுவரைக்கும் கிராமத்திலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்த பையன் எங்கே தூங்குவான், என்ன சாப்பிடுவான்? சிநேகிதன் அறையில் தரையில் படுத்துக்கொள்கிறான். சாப்பாட்டை வெளியே சொல்லமாட்டான். வேத ஆராய்ச்சிக்கு வந்தவன் இரண்டாம் தடவை சோறு வாங்கும்போதுதான் நமக்குப் புரியும்.

அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் பெரிய பானை ஏறிவிடும். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களிடம் கற்றுக்கொண்ட டின் மீன் குழம்பு, இல்லையென்றால் ஷுகர் பீன்ஸ் குழம்பு. ஜூலு பிள்ளைகள் சோளமாவில் உதிரியாகக் கிண்டுகிற புட்டுவும் இப்போது எனக்குக் கைவந்துவிட்டது. டின் மீன் குழம்புக்கு அதுதான் சரியான ஜோடி, நம்ம ஊர்ச் சோறுகூட இல்லை. எட்டு மணிக்குள் எல்லாரையும் அனுப்பிவிட வேண்டும். அதற்கப்புறம் மினிபஸ் டாக்ஸி கிடைக்காது, இருட்டில் நடப்பது பாதுகாப்பும் இல்லை. ஜெபம் நீண்டுகொண்டே போனால் நான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பேன். ஆவியில் நிறைந்த சகோதரி என்று யாரும் சொல்லமாட்டார்கள், போகட்டும்.

பகலில் இவர் வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்விடுவார். மலைமேல் இருக்கிற வளாகம், பக்கத்திலேயே காடு. அந்தக் காட்டுக் குரங்குகள் மாணவர் விடுதிச் சமையலறையில் புகுந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அங்கே அன்றாடச் செய்தி. என் விசாவில் நான் வேலை பார்க்க முடியாது. எனவே பெண் பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் என்னைத் தேடி வீட்டுக்கு வருவார்கள். தேர்வு பயம், காதல், கர்ப்பம், அப்பா குடி, எல்லாம் என் சமையல் மேடை ஓரத்தில்தான். நான் ஆலோசகர் பயிற்சி எடுத்தவள் இல்லை. வெங்காயத்தை உரிக்கக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். சில காரியங்களை வளாகத்து ஆலோசகரிடம் அனுப்பிவிட வேண்டும், எதை அனுப்புவது என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

பணத்தைப் பற்றிக் கேட்டாய். எங்களுக்குச் சம்பளம் இல்லை, தாங்குகிறவர்கள் அனுப்புகிற காணிக்கைதான். அதில் நம்ம கல்லூரி ஈ.யூ. ஜெபக்குழுச் சிநேகிதர்களும் உண்டு, தூத்துக்குடி பக்கம் நாசரேத்தில் பென்ஷன் வாங்குகிற ஒரு டீச்சரும் உண்டு. ஒரு ராண்ட் ஏறக்குறைய ஐந்து ரூபாய். ஒரு மேசை விசிறி வாங்கப் போனாலும் விலையை ஐந்தால் பெருக்கி, அந்த டீச்சர் முகத்தை நினைத்து, வாங்காமல் திரும்பி வருவார் இவர். டர்பன் வெயில் கடற்கரை வெயில், தூத்துக்குடி மாதிரி பிசுபிசுவென்று இருக்கும். நான் மறுநாள் போய் வாங்கி வந்தேன். டீச்சர் நாங்கள் வியர்வையில் கிடக்க வேண்டும் என்றா அனுப்புகிறார்கள்? இவருக்கு அது ஊழியத் தியாகம், எனக்கு அது தூக்கக் கேடு. இன்னும் ஒத்துப்போகவில்லை.

இதே மனுஷன் மளிகைக் காசை எடுத்து ஒரு பையனுக்குப் பதிவுக் கட்டணம் கட்டிவிட்டு வருவார். கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, என்னிடம் கேட்காமல் கொடுத்ததுதான். சண்டை போட்டோம். இப்போது ஒரு தொகைக்கு மேல் போனால் இரண்டு பேரும் பேசித்தான் கொடுப்பது. இன்னொன்று, திங்கட்கிழமை சாயங்காலம் கதவு அடைத்தாகிவிட்டது. போன் அணைத்தாகிவிட்டது. யாராவது கதவைத் தட்டினால்? தட்டட்டும். உயிர்போகிற காரியம் என்றால் ஜன்னலையும் தட்டுவார்கள்.

இனி உனக்கு ரொம்ப அவசியமான கதை. ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். எபேசியர் ஐந்தாம் அதிகாரம். சட்டம் படிக்கிற ஒரு ஜூலு பையன் இவரைப் பார்த்து, "உம்ஃபுண்டிசி (போதகரே), உங்கள் மனைவிக்கு எத்தனை மாடு கொடுத்தீர்கள்?" என்றான். இங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு லொபோலா கொடுக்க வேண்டும். வழக்கப்படி பத்து மாடு, அதோடு பெண்ணைப் பெற்ற தாய்க்கென்று தனியாக ஒன்று. இப்போது பெரும்பாலும் மாட்டுக்கு இவ்வளவு என்று பேசிப் பணமாகக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை பேச்சுக்கே போகக்கூடாதாம். பெரியப்பா சித்தப்பாக்கள் பெண் வீட்டு வாசலில் நின்று, அந்தக் குலத்தின் புகழ்ப்பெயர்களைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், உள்ளே விட மனசு வரும்வரை. பத்து மாடு என்ற கணக்கே 1869-ல் நேட்டால் அரசாங்கத்தில் ஷெப்ஸ்டோன் என்ற அதிகாரி சாதாரணக் குடும்பங்களுக்கு வைத்த உச்சவரம்பு என்று அந்தப் பையனே சொன்னான். உச்சவரம்பு நாளடைவில் விலையாகிவிட்டது. வேலை கிடைத்துக் காசு சேர்த்துக் கொடுப்பதற்குள் முப்பத்தைந்து வயசாகிவிடும் என்பது பையன்களின் புலம்பல்.

நான், "எங்கள் ஊரில் தலைகீழ், பெண் வீட்டார்தான் கொடுப்பார்கள்" என்றேன். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெண், "அப்படியானால் உங்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கு உங்கள் அப்பா இவருக்குப் பணம் கொடுத்தாரா?" என்று கேட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிறிஸ்தவர்கள்கூடவா என்றார்கள். கிறிஸ்தவர்கள்தான் ஜெபம் பண்ணிவிட்டு வாங்குவோம் என்றேன். 1961-லேயே எங்கள் நாட்டில் அதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது என்றதும் சிரிப்பு இன்னும் அதிகமாகிவிட்டது.

எங்கள் கல்யாணத்தில் இவர் வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை, உனக்கே தெரியும். "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்" என்றுதான் சொன்னார்கள். அப்பா கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கிப் போட்டார்கள். பிள்ளைகள் துருவித் துருவிக் கேட்டபோது, அந்தக் கடன் இன்னும் அப்பா சம்பளத்தில் பிடித்தம் ஆகிறது என்று சொல்லிவிட்டேன். கடன் வாங்கியது இவருக்குத் தெரியும், இன்னும் தீரவில்லை என்பது தெரியாது. முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கு முடிவு ஜெபம் இவர் செய்யவில்லை, ஒரு மாணவன்தான் செய்தான்.

அடுத்த திங்கட்கிழமை ராத்திரி நெடுநேரம் பேசினோம். நகையில் கொஞ்சம் விற்று அப்பாவுக்கு அனுப்பிவிடலாம் என்றார். அப்பாவுக்குத் தானே கடிதமும் எழுதினார். அப்பா ஒரே பிடிவாதமாக, "அது என் பிள்ளைக்கு நான் போட்டது, மாப்பிள்ளை அதில் தலையிட வேண்டாம்" என்று பதில் போட்டுவிட்டார்கள். இப்போது அப்பாவுக்கு மருமகன்மேல் கோபம், அத்தைக்கு என்மேல் கோபம், கடன் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே பிள்ளைகள் இப்போது நிறம் பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து இப்படிப் பேசுகிறார்கள், முன்னே அப்படி இல்லையாம். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நிறவெறி ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி, 1961-ல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் ஆரம்பித்தது. அந்த ஆசிரியர் படகில் போய்ப் படித்தவர். கல்லூரி பிறகுதான் வெஸ்ட்வில் மலைக்கு வந்தது, 2004-ல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1896-ல் ஸ்டெல்லன்பாஷில் தொடங்கின மாணவர் கிறிஸ்தவ சங்கமே 1965-ல் நிறவாரியாகத் தனித்தனியாகப் பிரிந்துபோனது என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அரசாங்கம் பிரித்தது சரி, ஜெபிக்கிறவர்களுமா? இப்போது அந்தப் பெரியவர் வெள்ளிக்கிழமைகளில் வந்து ஜூலு பையன்களோடு உட்கார்ந்து, குழம்பில் காரம் போதவில்லை என்று என்னிடம் குறை சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறார்.

நம்ம தமிழ்ப் பிள்ளைகள் வேறு மாதிரி. நாயுடு, பிள்ளை, மூட்லி என்று பெயர் இருக்கும், தமிழ் பேச்சு இருக்காது. 1860-லிருந்து வந்த கரும்புத் தோட்டக் கூலிகளின் ஐந்தாம் தலைமுறை. இந்தியர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்தில் ஒரே வீட்டில் ஆயா (பாட்டி) காமாட்சி விளக்கு ஏற்றுவார்கள், அம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில்தான் பெருங்கூட்டம். தோட்டக் காலத்தில் விடுமுறை கிடைத்த நாள் அதுதான் என்பதால் திருவிழா அந்த நாளில் நிலைத்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒரு பெண், "காலையில் உங்களோடு ஏழு வார்த்தை ஆராதனை, மத்தியானம் ஆயாவைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பாவமா?" என்று கேட்டாள். ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயசு, முழங்கால் வலி. ஆயாவைக் கூட்டிக்கொண்டு போ என்றேன். இவர் வேறு பதில் சொல்லியிருப்பார், தெரியும். அதனால் அவள் என்னிடம்தான் கேட்டாள். வீட்டில் இரண்டு பேர் இருப்பதில் இது ஒரு வசதி.

சரி, உன் விஷயம். அந்தப் பையனை எனக்குத் தெரியாது, ஊழியத்தில் இருக்கிறார் என்பதற்காக நல்லவர் என்று நான் சர்டிபிகேட் கொடுக்கமாட்டேன். பெண் பார்க்க வரும்போது, தனியாகப் பேச விட்டால், மூன்றே காரியம் கேள். காணிக்கைக் கணக்கை மனைவிக்குக் காட்டுவாரா? வாரத்தில் ஒரு சாயங்காலமாவது கதவை அடைக்கச் சம்மதிப்பாரா? உனக்கு வேலையை விட மனசில்லை என்றால் விடச் சொல்வாரா? உன் பள்ளிக்கூட வேலையைச் சொல்கிறேன். நான் விசாவினால் சும்மா இருக்கிறேன், உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேதம் பற்றி ஒன்றும் கேட்காதே, அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருப்பார்கள்.

"உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்" என்ற வசனம் வந்தால், "அப்படியானால் ஒன்றும் போடவில்லை" என்று உங்கப்பாவை மெதுவாகச் சொல்லச் சொல். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார். மாப்பிள்ளை முகத்தையும் பார்.

அடுத்த மாசம் சகாயம் அண்ணன் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் கொஞ்சம் கருப்பட்டி கொடுத்துவிடு, மீன் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அன்றைக்கே எனக்குப் போன் போடு. இங்கே உங்களைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அதனால் நீ சாப்பிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பேன். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.

பிரியமுடன்,
ரூபி