ஜெர்மனியின் ட்யூபிங்கனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

மூச்சிரைக்கும்போது அடிக்கும் பம்ப் சில நிமிடங்களில் நெஞ்சைத் தளர்த்திவிட, ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் ஏன் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டீர்கள். அவசரத்தில் மழுப்பிவிட்டேன். உண்மையில், இந்தக் குளிரில் நான் செய்யும் வேலையே ஏறக்குறைய அதற்கான விடைதான்.

வெளியே உறைபனி, பழ ஈக்களை வளர்க்கும் அறை மட்டும் எப்போதும் 25 டிகிரி. உள்ளே போய் மேலங்கியைக் கழற்றினால் ராயபுரத்துத் தை மாதக் காலைதான், கடல் வாடைக்குப் பதில் ஈஸ்ட் வாடை. ஈயின் புழு கூட்டுப்புழுவாக மாற எக்டைசோன் என்ற ஸ்டீராய்டு வேண்டும். 1954இல் புடெனான்ட், கார்ல்சன் என்ற இரு வேதியியலாளர்கள் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து இதை வெறும் 25 மில்லிகிராம் பிரித்தெடுத்தார்கள். ஓர் அரிசி மணியின் எடைதான் இருக்கும்.

இந்த ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து மரபணுக்களை இயக்குகிறது. புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் மிகப் பெரியவை என்பதால், மரபணு வேலை செய்யும் இடம் புடைத்து நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். எக்டைசோன் கொடுத்த சில நிமிடங்களில் ஏறக்குறைய ஆறு புடைப்புகளே எழுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட மற்றவை சில மணி நேரம் கழித்தே வருகின்றன. சைக்ளோஹெக்சிமைடு கொடுத்துப் புரத உற்பத்தியைத் தடுத்தால், முதல் புடைப்புகள் எழுந்தும் உரிய நேரத்தில் அடங்குவதில்லை. பிந்தியவை எழுவதே இல்லை. ஆகவே முதல் மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களே பின்னவற்றைத் திறக்கின்றன, தங்கள் மரபணுக்களையும் மூடுகின்றன என்ற விளக்கத்தை ஆஷ்பர்னர் என்ற மரபியலாளரும் சகாக்களும் 1974இல் முன்வைத்தார்கள்.

காசிமேட்டில் விசைப்படகு கரை தட்டியதும் ஏலக்காரர் கூவத் தொடங்கினால்தானே ஐஸ்காரரும் கூடை தூக்குபவரும் வண்டிக்காரரும் ஓடிவருவார்கள்? ஹார்மோன் படகு என்றால், அந்த இடைநிலைப் புரதம் ஏலக்காரர். சைக்ளோஹெக்சிமைடு, அவர் வாயைப் பொத்துவது.

உங்கள் மாத்திரையும் ஏற்பி வழியே சில மரபணுக்களை நேரடியாகத் தொடுகிறது. மற்ற சிலவற்றை இப்படி இடைநிலையாட்கள் மூலம் தொடுகிறது. ஒவ்வொரு படியிலும் மரபணுவை நகலெடுத்து, புரதம் செய்தாக வேண்டும். நேரம் அங்கேதான் போகிறது. பம்பு மருந்துக்கு அந்தச் சுற்று தேவையில்லை. மூச்சுக்குழாயைச் சுற்றிய தசையை அது நேராகத் தளர்த்திவிடும். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தாதீர்கள்.

எக்டைசோன் கொடுத்து நான்கு மணி நேரமான சுரப்பிகளை எடுக்க வேண்டிய நேரமாகிவிட்டது. அம்மா அனுப்புவதாகச் சொன்ன நெத்திலிக் கருவாட்டை இரட்டை உறையில் கட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்