கண்மாய் அழிக்கும் நாளில் ஒரு வளையம் கிடைத்தால்

மதுரை, மேலூர், திருப்புவனம் பக்கம் கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமையை, அதாவது மீன்பாசியை, ஏலம் எடுக்கிற அண்ணன்மாருக்கும், தண்ணீர் வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிக்கிற கண்மாய் அழிக்கும் நாளில் ஊத்தா, கச்சா என்று மீன்பிடி சாமான்களோடு இறங்குகிற தம்பிமாருக்கும் வணக்கம்.

சில வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஊர்க் கண்மாய் ஒன்றில் ஒரு பையன் தன் வண்டிச் சாவியைக் காட்டினான். சாவியோடு கோத்திருந்தது சின்ன அலுமினிய வளையம். செத்துக் கிடந்த உள்ளான் பறவையின் காலிலிருந்து கழற்றியதாம். "இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்குண்ணே" என்றான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள் என்பதுதான் அந்த எழுத்து. கீழே இருந்த எண்ணில் பாதி, சாவி உரசி உரசித் தேய்ந்துபோயிருந்தது. அந்தப் பறவையை எங்கே, எந்த நாளில் பிடித்து வளையம் போட்டார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

போன வைகாசியில் ராமேஸ்வரம் தீவுக்குப் போயிருந்தேன். வெயிலில் பறவை பார்க்கப் போகிறாயே, வலசைப் பறவை எல்லாம்தான் வடக்கே போயிருக்குமே என்று வீட்டில் கேட்டார்கள். எல்லாம் போவதில்லை. உள்ளான், உப்புக்கொத்தி இனங்களில் முதல் வருஷக் குஞ்சுகள் பல, இன்னும் கூடு கட்டும் வயது வராததால், கோடை முழுக்க நம் கடற்கரையிலேயே தங்கிவிடும். தனுஷ்கோடிச் சேற்றில் அப்படி ஒரு கூட்டம் மேய்ந்தது. அதில் ஒன்றின் காலில் வளையம் மின்னியது. முக்கால் மணி நேரம் தொலைநோக்கியோடு மணலில் படுத்துக் கிடந்தேன். எண்ணைப் படிக்கவே முடியவில்லை. அவ்வளவு பொடி எழுத்து. பறவை கைக்கு வந்தால்தான் தெரியும்.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். பறவை அறிஞர் சாலிம் அலி காலத்திலிருந்து கோடியக்கரையில் பம்பாய்க் கழகத்தார் அரசு அனுமதியோடு வலை கட்டி, இறக்கையை அளந்து, எடை பார்த்து, வளையம் போட்டு விடுகிறார்கள். சின்ன உள்ளான் முப்பது கிராம்கூடத் தேறாது. அது வடதுருவப் பக்கம் போய் முட்டையிட்டுத் திரும்புகிறது. இடையில் எங்கே இறங்கியது என்பதற்கு அந்த வளையம்தான் சாட்சி.

வலையில் உயிரோடு சிக்கினால் வளையத்தைக் கழற்ற வேண்டாம். காலைப் பிடித்து இழுக்காமல், எண் தெரிகிற மாதிரி வளையத்தைச் சுற்றி இரண்டு மூன்று போட்டோ எடுத்துவிட்டுப் பறக்க விடுங்கள். செத்துக் கிடந்தால் வளையத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். கண்மாய்ப் பெயர், தேதி இரண்டும் முக்கியம். இவற்றை வனச்சரக அலுவலகத்திலோ பம்பாய்க் கழகத்துக்கோ சொன்னால் போதும்.

பக்கத்துச் சிவகங்கைச் சீமையில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அவர்கள் விட்டுக்கொடுப்பதோடு பார்த்தால் நான் கேட்பது ஒரு போட்டோதான்.

அப்புறம், இந்த வருஷம் கண்மாய் அழிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். விடியுமுன்னே மடைப்பக்கம் வந்து நிற்கிறேன்.

மதுரையிலிருந்து,
உங்கள் கண்மாய்க்கரைகளில் பறவை பார்க்கும் ஒருவன்