ஜூன் ஐந்தும் ஜூலை ஒன்றும்

அன்புள்ள ஒல்லி,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். திட்டுவதை மொத்தமாகத் திட்டிவிடு, தவணை வேண்டாம். முதுகுவலி தேவலையா? அக்காவைக் கேட்டதாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஒரு சேவைச் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. 'சால்வைக் கோஷ்டி' என்று நாம் கேலி செய்தோமே, அதே மாதிரிச் சங்கம்தான். வேப்பங்கன்று விவகாரத்துக்கு அப்புறம் என்னை மரத்தின் பக்கமே விடக்கூடாது என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது. ஆனாலும் போன ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தில், 200 கன்று நட்டோம். போட்டோவில் நானும் இருக்கிறேன், மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்தபடி.

செப்டம்பரில் தனியாகப் போய்ப் பார்த்தேன். உயிரோடு இருந்தவை 31. காய்ந்த ஒன்றை இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் நர்சரிக்காரர் கொடுத்த கறுப்பு கவர் அப்படியே இருந்தது! கிழிக்காமலே புதைத்திருக்கிறோம். வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பந்தாகிக் கிடந்தது. பக்கத்தில் நாங்கள் கட்டிய ஃபிளெக்ஸ் மட்டும் கிழியாமல் நின்றது. அதுவும் பிளாஸ்டிக்தான்.

அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது? கடைசியில் குற்றவாளி காலண்டர் என்று பட்டது. ரோட்டரி, லயன்ஸ் எல்லாவற்றுக்கும் ஆண்டு ஜூலை 1ல் பிறக்கிறது, எங்களுக்கும் அப்படியே. ஜூன் 5ல் நட்ட தலைவருக்கு இருபத்தைந்து நாளில் பதவி முடிந்துவிடும். புதியவர் வேறு திட்டத்தோடு வருவார். நட்டவரிடம் பதவி இல்லை, பதவியில் இருப்பவர் நடவில்லை. தண்ணீர் யார் ஊற்றுவது? கன்றுக்கோ முதல் இரண்டு மூன்று கோடையைத் தாண்டினால்தான் பிழைப்பு.

இத்தனைக்கும் தனி ஆளுக்குக் கிடைக்காதது சங்கத்தில் இருக்கிறது. வக்கீல், ஆடிட்டர், லாரி வைத்திருப்பவர் எல்லோரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். நீயும் நானும் மாதக்கணக்கில் அலைந்து வாங்கும் அனுமதியை இவர்கள் ஒரு போனில் வாங்கிவிடுவார்கள். 1905ல் தொடங்கிய ரோட்டரியே சுற்றுச்சூழலைத் தன் முக்கியத் துறைகளில் ஒன்றாகச் சேர்க்க முடிவெடுத்தது 2020ல்தான், அதனால் எங்களைத் தாமதம் என்று திட்டாதே.

அப்புறம் ஒரு கூத்து. 1986ல் டெக்சாஸ் கடற்கரையில் இரண்டு பெண்கள் ஆள் திரட்டிக் குப்பை பொறுக்கினார்கள். பொறுக்கியதோடு விடாமல், என்னென்ன கிடைத்தது என்று எண்ணி எழுதவும் வைத்தார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் கடற்கரைத் துப்புரவு நாளுக்கு அதுதான் ஆரம்பம். அதைச் சொல்லி, ஏரிக்கரையில் எங்களவர்களையும் எண்ண வைத்தேன். சிகரெட் துண்டுகளைப் 'பஞ்சுதானே, மக்கிப்போகும்' என்று ஒருவர் ஒதுக்கினார். அந்த ஃபில்டரும் ஒரு வகைப் பிளாஸ்டிக் என்றதும் முகம் மாறி, குனிந்து பொறுக்கினார் (அவர் பையிலேயே ஒரு பாக்கெட் இருந்தது). ஆனால் அதிகம் கிடைத்தவை குட்டித் தண்ணீர் பாட்டில்கள். எங்கள் கூட்ட மேஜையில் ஆளுக்கொன்று வைப்போமே, அதே அளவு, அதே நீல மூடி. எங்களுடையதுதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் பாட்டில் வைக்க மட்டும் யாருக்கும் கை வரவில்லை.

இந்தத் தடவை 40 கன்றுதான் என்று அடம்பிடித்துவிட்டேன். அடுத்த தலைவராக வரப்போகிறவரும் இப்போதே குழியருகில் நின்று கையெழுத்துப் போடவேண்டும். மூன்று வருடத்துக்குத் தண்ணீர் முறை எழுதிய நோட்டு என்னிடம். '40 என்றால் பேப்பரில் போடமாட்டார்களே' என்று ஒரே புலம்பல். போடாவிட்டால் போகட்டும்.

ஒரு உதவி. அந்த 31ல் ஏழெட்டின் இலை ஓரம் கருகுகிறது. தண்ணீர் குறைவா, கூடுதலா, எனக்குத் தெரியவில்லை. இலை ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு உடனே எழுது. சனிக்கிழமை ஊற்றுவது என் முறை.

உன்,
லேட்டு