இந்த முறை கையெழுத்து உங்களுடையது

உங்களுக்கு,

பெயர் எழுதிப் பழக்கமில்லை, இன்றும் எழுதப் போவதில்லை. என் வலைப்பூவைப் படிப்பதே இல்லை என்று சொல்லிக்கொண்டு, எழுத்துப் பிழைகளை மட்டும் மறுநாள் சுட்டிக்காட்டுகிறவர் நீங்கள். இதுவும் கண்ணில் படும். நேரில் பேச ஆரம்பித்தால் தொலைக்காட்சியின் சத்தம் கூடிவிடுகிறதே.

இன்று ஆடிப் பதினெட்டு. எட்டு ஆண்டுகள். அம்மா மண்டபத்துப் படித்துறையில் நடந்ததைத் திரும்ப எழுத மாட்டேன். உங்களுக்கு நினைவில்லாததும் எனக்கு மறக்காததும் அதே இருபது நிமிடம்தான். அதை வைத்து வேண்டிய மட்டும் சண்டை போட்டாகிவிட்டது.

நேற்று டாக்டர் அறையில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை எழுத உட்கார வைத்தது. உங்கள் மார்பில் வைத்த ஐசிடியின், அதாவது இதயத் துடிப்பு தடம் புரண்டால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவியின், பேட்டரி முடியப் போகிறது, மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடலாம், வேண்டாம் என்று தோன்றினால் அதையும் பேசலாம் என்றார் அவர். நீங்கள் சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "அவள் என்ன சொல்கிறாளோ அதுதான்" என்றீர்கள். டாக்டர் சிரித்தார். மனைவி சொல்லைத் தட்டாதவர் என்று நினைத்திருப்பார். "இதை வைக்க உன்னை யார் கையெழுத்துப் போடச் சொன்னது?" என்று நீங்கள் கேட்ட இரவு அவருக்குத் தெரியாது.

அந்த இரவைப் பற்றி இவ்வளவுதான். அத்தை படிப்பார். அண்ணி படித்தால் அத்தைக்கு வாசித்தே காட்டுவார்.

மாடிக்கு வருகிறேன். மார்கழி, காலை ஏழு மணி. நனைந்த பவானி ஜமுக்காளத்தின் ஒரு முனை உங்களிடம், மறுமுனை என்னிடம். நீங்கள் ஒரு பக்கம் முறுக்க, நான் எதிர்ப்பக்கம் முறுக்க, சாயம் கலந்த தண்ணீர் என் கால் விரல்களில் சொட்டிக்கொண்டிருந்தது. சோப்பு சரியில்லை என்று ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பாதிச் சொல்லில் உங்கள் உடம்பு தூக்கிப் போட்டது. முறுக்கு தானாகப் பிரிந்து, ஈர முனை என் முழங்காலில் வந்து அறைந்தது.

நான் கையை விட்டேன். விட்டதோடு நிற்கவில்லை, தண்ணீர்த் தொட்டி முதுகில் முட்டும்வரை பின்னால் போனேன். அங்கிருந்துதான் இரண்டாவது அடியைப் பார்த்தேன். அதன் பிறகே ஓடி வந்தேன். தரையில் கிடந்த உங்கள் கண்கள் திறந்திருந்தன. நான் எங்கிருந்து ஓடி வந்தேன் என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஷாக் அடித்தவரைத் தொடாதே, காய்ந்த கட்டையால் தள்ளு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்டவள் நான். கையில் ஈரத் துணி வேறு. கருவி அடிக்கும்போது தொட்டுக்கொண்டிருப்பவருக்கு லேசான சுருக்கென்ற உணர்வு வரலாம், அபாயம் ஒன்றுமில்லை என்பது உங்கள் கோப்பில் இருந்த கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தவர் நீங்கள். என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

இரண்டுமே அடிக்கத் தேவையில்லாத அடிகளாம். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடித்து, கீழறைகளையும் விரட்டியிருக்கின்றன. ஐசிடி அதை உயிர்போகும் துடிப்பென்று எண்ணிவிட்டது. மருந்தையும் அமைப்பையும் மாற்றினார்கள். அடுத்த வாரமே வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். இனி உன் கை தேவையில்லை என்று நீங்கள் சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

நடுவில் வந்த தலையணையைப் பற்றி இங்கே எழுத முடியாது. டாக்டரிடம் கேட்டிருக்கலாம், உங்களுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். நான் பயந்தேன். நீங்கள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டீர்கள். நிறுத்திக்கொள்கிறேன்.

பங்குனியில் ஒருநாள் நள்ளிரவு எழுந்து உட்கார்ந்து, "அடித்துவிட்டது" என்றீர்கள். சட்டை நனைந்திருந்தது. மறுநாள் கருவியைப் படித்துப் பார்த்தால் எதுவும் பதிவாகவில்லை. உங்கள் தம்பி எதிரில் நான், "ஒன்றுமே இல்லையாம்" என்று சிரித்துவிட்டேன். அடிக்காமலே அடித்ததாக உடம்பு உணர்வது உண்டு, அதற்குப் பாண்டம் ஷாக் என்று பெயரே இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்தச் சிரிப்புக்காக வருந்துகிறேன். மாடியை விட அதற்குத்தான் அதிகமாக.

1958-இல் ஸ்டாக்ஹோமில் உடம்புக்குள் வைக்கும் உலகின் முதல் பேஸ்மேக்கரைப் பொருத்திக்கொண்டவர் ஆர்னே லார்சன். (நம் உறவினர்களுக்கு உங்கள் மிஷினும் பேஸ்மேக்கர்தான். எட்டு ஆண்டாகத் திருத்தி அலுத்துவிட்டது.) ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த அந்தக் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. அவரோ 26 கருவிகளை மாற்றிக்கொண்டு 86 வயது வரை, 2001 வரை வாழ்ந்தார். முடியாது என்றவர்களை விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவர் அவர் மனைவி எல்ஸ்-மரீ. எனக்கு அந்த அம்மாளைத்தான் கேட்க வேண்டும்: ஒவ்வொரு முறை கருவி மாறும்போதும் உங்கள் பக்கம் திரும்பி, "நீ சொல்" என்றாரா அவர்?

ஏனென்றால் எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஆறு மாதம் ஓட்ட வேண்டாம் என்றார் டாக்டர், நீங்கள் ஸ்கூட்டர் சாவியை அதன் பிறகு தொடவே இல்லை. நாற்பத்தாறு வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், பின்னால் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்கிறீர்கள். இரண்டடி தள்ளி நின்றால் போதும் என்ற இண்டக்‌ஷன் அடுப்பு பரணில் கிடக்கிறது. தாடையைச் சொறிவது போல் கழுத்தில் இரண்டு விரல் வைத்து நாடி எண்ணுகிறீர்கள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. நீங்கள் எண்ணி முடிக்கும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அன்று என்னிடம் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இனியும் அப்படி ஒரு நாள் வந்தால் போடுவேன். ஆனால் இந்த முறை நீங்கள் மயங்கிக் கிடக்கவில்லை. மாற்ற வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதை ஊரறியச் சொல்லிவிட்டேன். ஆசையோடு என் பங்கு முடிந்தது. நாளைக்கு என்மேல் பழி போட வசதியாக ஒரு கையெழுத்து என்னிடமிருந்து கிடைக்காது.

பத்து நாளாகக் காலை ஒன்பது மணிக்கு உங்கள் மார்புக்குள்ளிருந்து, பேட்டரி தீர்வதைச் சொல்லும் அந்தப் பீப் ஒலி வருகிறது. முதல் நாள் இரண்டு பேரும் கைப்பேசியைத் தேடினோம். நாளையும் வரும். படிவம் சாப்பாட்டு மேஜையில், உங்கள் மூக்குக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். நான் அடுக்களையில்தான் இருப்பேன். கதவைச் சாத்த மாட்டேன்.