கழுத்து நரம்பு பற்றி நீ கேட்டது

அன்புள்ள செல்வம்,

மல்லிகாவுக்கு வந்திருப்பது எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்) என்று படித்ததிலிருந்து மனசே சரியில்லை. நாம் சைக்கிளை எடுத்தாலே பின்னால் ஓடிவரும் பெண், இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்கிறாய்.

கழுத்து நரம்பில் அடைப்பு எடுத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி வயலை விற்க யோசிக்கிறாயே, விற்காதே. நம் ஊரில் ரத்தம் ஓடும் சிரையும் நரம்புதான், மூளையிலிருந்து வருவதும் நரம்புதான், குழப்பமே அங்கேதான். எம்.எஸ்.ஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை அரித்துவிடுகிறது.

2009இல் இத்தாலியில் ஃபெராரா பல்கலைக்கழகத்தின் டாக்டர் பாவ்லோ சம்போனி, கழுத்துச் சிரை சுருங்கி மூளையிலிருந்து ரத்தம் சரியாக இறங்காததுதான் எம்.எஸ்.ஸுக்குக் காரணம், அதனால் மூளையில் இரும்பு படிகிறது என்றார். அவர், நோயாளிகளின் காலில் வரும் நரம்புச் சுருட்டலை, அதாவது சிரை வீங்கிச் சுருள்வதை, ஆராய்ந்தவர். காலில் ரத்தம் தேங்கினால் இரும்பு படிந்து தோல் கறுப்பதைப் பார்த்துப் பழகியவர், அவர் மனைவிக்கும் எம்.எஸ். வந்திருந்தது, ஆகவே அவருக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. கனடாவிலிருந்து எத்தனையோ பேர் போலந்து, கோஸ்டாரிகா என்று பறந்துபோய்ப் பலூன் வைத்துச் சிரையை விரித்துக்கொண்டார்கள். ஸ்டென்ட் (சிரையைத் திறந்தே வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்துக்கொண்ட ஒருவர் ரத்தம் உறைந்து இறந்தே போனார்.

அப்புறம் 2013இல் கனடாவில் பார்த்தபோது, நோயே இல்லாதவர்களிலும் கிட்டத்தட்ட அதே விகிதத்தினருக்குச் சுருக்கம் இருந்தது. பிறகு அங்கேயே 104 நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலூன், மற்றவர்களுக்குச் செய்ததுபோல் பாவனை மட்டும், யாருக்கு எது என்று சொல்லாமல் செய்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்தும் வித்தியாசம் இல்லை என்று 2017இல் அறிவித்தார்கள். அதே வருடம் சம்போனியே இத்தாலியில் 115 பேரிடம் சோதித்து, பலனில்லை என்று தன் பெயரிலேயே எழுதினார். மனைவிக்காகத் தேடிய வழியைத் தானே மூட ஒரு மனிதனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

சிரைக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மூளையில் எம்.எஸ். உண்டாக்கும் தழும்புகள் பலவற்றின் நடுவே ஒரு குட்டிச் சிரை ஓடுவது எம்.ஆர்.ஐ.யில் தெரியும், வேறு நோயா, இதுவா என்று பிரித்துப் பார்க்க நரம்பியல் டாக்டர்களுக்கு அது உதவுகிறது. மல்லிகாவின் ஸ்கேனில் தெரிகிறதா என்று கேள். மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள், சீக்கிரம் ஆரம்பித்தால்தான் அடுத்த தாக்குதல்களைக் குறைக்கலாம், பணம் அதற்குத்தான் தேவைப்படும்.

ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்பு. பொங்கலுக்கு வருகிறேன், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது மூன்று பேரும் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
ரவி