ராஜாமணிக்கு, பட்டா விஷயமாக

அன்புள்ள ராஜாமணி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

தம்பியின் பட்டா மாறுதல் மனு தள்ளுபடியானது மனசை உறுத்துகிறது. 'எல்லாம் ஆன்லைன் ஆயிற்றே, பத்திரம் பதிந்தால் பட்டா தானாக மாறாதா' என்று கேட்டிருக்கிறாய். விற்றவர் பெயரிலேயே பட்டா இருந்து, சர்வே எண் முழுசாகக் கைமாறினால் மாறும். உங்களுடையது பாகப்பிரிவினை. பட்டா இன்னும் அப்பா பெயரில். மூன்று பங்கு என்றால் உட்பிரிவு வேண்டும். நில அளவர் நேரில் வந்து அளந்து, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தில் கோடு போட்டு, புது உட்பிரிவு எண் கொடுத்த பிறகுதான் தாசில்தாருக்குப் போகும். அளக்க ஆள் வராதவரை மனு நில அளவரின் லாகினிலேயே கிடக்கும்.

ஆனால் உங்கள் மனு அந்த இடத்துக்கே போகவில்லையே! பெயரில்தான் அடிபட்டிருக்கும் என்று தோன்றுகிறது. வருவாய்த் துறையின் நிலக் கணக்கான சிட்டாவில் 'கந்தசாமி மகன் ராமு', பத்திரத்தில் 'க. ராமசாமி', ஆதாரில் இனிஷியல் பின்னால் ஒட்டிக்கொண்டு வேறொரு ஆள். ஊரில் யாரைக் கேட்டாலும் மூன்றும் உங்கப்பாதான் என்பார்கள். முன்பெல்லாம் கிராம நிர்வாக அலுவலர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். திரையைப் பார்த்துத் தீர்மானிப்பவருக்கு மூன்று பேர். இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தின் பதிவில் விழுந்த எழுத்துப்பிழையும் விஸ்தீரணப் பிழையும் அப்படியே கணினியில் ஏறியிருக்கின்றன. தாளைத் திருத்தாமல் தட்டச்சு செய்தால் என்ன வரும்?

அதனால் தம்பியை உடனே மறுபடி விண்ணப்பிக்க விடாதே, இன்னொரு 60 ரூபாயும் போகும். முதலில் eservices.tn.gov.in தளத்தில் சிட்டா, ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் இறக்கி, பத்திரத்தின் சொத்து விவரத்தோடு வரிவரியாக ஒப்பிடச் சொல். அளவு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 0-40.50 என்றிருந்தால் நாற்பதரை ஏர் (ஒரு ஏர் நூறு சதுர மீட்டர்), ஏறக்குறைய ஒரு ஏக்கர். நாற்பது சென்ட் என்று படித்துவிடாதே, நம் பள்ளிக்கூட வாத்தியார் இருந்திருந்தால் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். விஸ்தீரணம் இடித்தால் அது யு.டி.ஆர். திருத்தம், தனி மனு. பட்டா மாறுதலில் தீராது. பெயர் மட்டும் என்றால் அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூன்று பெயரும் ஒருவரே என்ற சான்று, மூலப்பத்திரம் எல்லாம் சேர வேண்டும். ஸ்கேனில் முத்திரையும் கையெழுத்தும் பளிச்சென்று தெரியட்டும். போனில் சாய்த்துப் பிடித்த படம் வேண்டாம். ஓ.டி.பி. வரும் எண் தம்பியுடையதாகவே இருக்கட்டும், இ-சேவை மையத்துக்காரர் எண்ணைக் கொடுத்தால் மனு எங்கே நிற்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

தள்ளுபடி உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறது? அதை எழுத்து மாறாமல் எனக்கு அனுப்பு. காரணம் நியாயமில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அந்த உத்தரவின் நகல் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை. சிட்டா நகலையும் கூடவே வை.

செல்விக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சண்முகம்