நஞ்சைக் காட்டும் நீல நிறம்: தேவையும் எச்சரிக்கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், சொவேட்டோவின் நலேடியில் 2024 அக்டோபரில் ஆறு குழந்தைகளின் உயிரைப் பறித்தது டெர்புபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி என்று சோதனைகள் காட்டின. அதனைத் தடைசெய்ய அமைச்சரவை 2025இல் ஒப்புதல் அளித்தது வரவேற்கத்தக்கது. ஆயினும், பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலங்களில் எலிமருந்தாகத் தெருவோரங்களில் விற்கப்படும் நஞ்சைத் தடையாணை மட்டும் நிறுத்திவிடாது. ஐயத்துக்குரிய உணவை ஸ்பாசா எனப்படும் சிறு பெட்டிக்கடையின் வாசலிலேயே சோதித்துப் பார்க்கும் வசதி நகராட்சிச் சுகாதார ஆய்வாளர்களுக்கு வேண்டும். நொதிகளைப் போலச் செயல்படும் நானோசைம் என்னும் மிகநுண்ணிய துகள்களைக் கொண்ட நிறச் சோதனை அதற்கு உதவக்கூடும். ஆனால் அதன் குறைகளை அறியாமல் நம்பினால் கேடே விளையும்.

இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் பெராக்ஸிடேஸ் நொதியின் வேலையைச் செய்வதை யான் ஷியுன் என்பவரின் சீன ஆய்வுக் குழு 2007இல் வெளியிட்டது. வெப்பத்தில் நொதி வடிவம் குலைந்து செயலிழக்கும். துகள்கள் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. பூச்சிக்கொல்லிக்கான ஒரு முறையில், மாங்கனீசு டைஆக்சைடு நானோ தகடுகள் டி.எம்.பி. என்னும் நிறமற்ற பொருளை நீலமாக்குகின்றன. சோதனையில் சேர்க்கப்படும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி உண்டாக்கும் தயோகோலின் என்னும் பொருள் அந்த நீலத்தைத் தடுக்கும். டெர்புபாஸ் சார்ந்த ஆர்கனோபாஸ்பேட் இனத்து நஞ்சு இருந்தால் இந்நொதி முடங்கி, நீலம் தங்கிவிடும். நம் நரம்புகளில் அந்நஞ்சு தாக்குவதும் இதே நொதியைத்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நானோசைம் வெயிலைத் தாங்கினாலும், சோதனைக்கு வேண்டிய அந்த நொதி இயற்கையானதே. மின்வெட்டு நிலவும் ஊர்களில் அதனைக் குளிரில் காப்பது எளிதன்று. தக்காளியிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி நீலத்தை அழித்துவிடும் என்பதால், நஞ்சு கலந்த உணவும் தூயதாகத் தோன்றலாம். உணவுச் சோதனையில் இதைவிடக் கொடிய பிழை வேறில்லை. டெர்புபாஸ் போன்றவை ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகே நொதியை வலுவாக முடக்குவதால், மாதிரியை முன்கூட்டியே அதற்கேற்பப் பக்குவப்படுத்தவும் வேண்டும்.

ஆகவே இத்தகைய சோதனைப் பெட்டி எதையும் வாங்குமுன், நம் கடைகளில் விற்கும் சிற்றுணவு, மசாலாப் பொருள், காய்கறி ஆகியவற்றில் நஞ்சு கலந்தும் கலக்காமலும் அதனைச் சோதித்து, தவறும் விகிதத்தை டர்பனை உள்ளடக்கிய ஈதெக்வினி நகராட்சி வெளியிட வேண்டும். நீலம் தோன்றினால் பொருளை உடனே விற்பனையிலிருந்து விலக்கி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நீலம் தோன்றாததை மட்டும் வைத்து எந்த உணவுக்கும் நற்சான்று வழங்கலாகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்